36.5

மார்ச் 4
29 வாரம். 1,180 கிராம். சுங்கை சிப்புட்டில் மனைவிக்கு வலி வந்தது, ஈப்போவில் மகள் பிறந்தாள். இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

மார்ச் 6
எடை 1,090. உடம்பில் உள்ள நீர் இறங்குது, முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் குறையும், சாபார் பாங், பொறுமையா இருங்க அண்ணே, என்றார் மிஸி, நர்ஸம்மா. அத்தையிடம் எடைப் பேச்சையே எடுக்கவில்லை.

மார்ச் 7
தூக்கம் இல்லை. பாப்பா வயிற்றில் சின்ன சென்சார், அதன் மேல் தங்கக் கலரில் ஓர் ஒட்டு. தோல் சூடு 36.5 என்று வைத்திருக்கிறார்கள், குறைந்தால் அவள் இருக்கும் இன்குபேட்டர் பெட்டி தானே சூடேற்றும், ஏறினால் அடங்கும். ஆலையில் பாயிலர் பார்க்கிறவனுக்கு இது புரியாதா? புரிந்ததுதான் வினை. அந்த ஒட்டு கழன்றால் சென்சார் வெறுங்காற்றைப் படிக்கும், பிள்ளை குளிர்ந்துவிட்டது என்று பெட்டி மேலும் மேலும் சூடேற்றும், உள்ளே இருப்பவள் வாய் திறந்து சொல்லவா போகிறாள்? கேட்டேன். அலாரம் இருக்கு, நாங்களும் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். உள்ளே ஈரப்பதம் 80 விழுக்காடு, தோல் அவ்வளவு மெல்லிசு, இல்லாவிட்டால் உடம்பு நீர் ஆவியாகிவிடுமாம். அப்பனும் மகளும் நீராவியில்.

மார்ச் 9
மூச்சை நிறுத்தினாள். மிஸி பாதத்தைச் சுண்டியதும் திரும்ப விட்டாள். குறைமாசப் பிள்ளைக்கு மூளை மூச்சை மறந்துபோகுமாம், அதற்குத்தான் கஃபைன் கொடுக்கிறார்கள். "பச்சப்பிள்ளைக்குக் காப்பியா!" அம்மா போட்ட சத்தம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

மார்ச் 10
ஒட்டு சரியாக இருந்தது.

மார்ச் 15
இன்று ஒரு வேளைக்கு 8 மில்லி, குழாய் வழியாக. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுவது 34 வாரம் வாக்கில்தான் சேர்ந்து வரும் என்கிறார்கள். ராத்திரியிலும் மணிவைத்து எழுந்து இவள் பால் எடுக்கிறாள், நான் ஐஸ் பெட்டியில் வைத்து மோட்டாரில் கொண்டுபோகிறேன். செம்பனைக் குலை லாரி ஒன்று வழியே விடவில்லை, எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மார்ச் 24
30-ஆம் நாளுக்குப் பிள்ளைக்கு முடி இறக்கணும் என்கிறார் அம்மா. தலையில் ஊசி குத்த மிஸி ஏற்கனவே ஒரு பக்கம் இறக்கிவிட்டார். சிரித்தோம், ரொம்ப நாள் கழித்து.

மார்ச் 27
கங்காரு முறை. 1978-இல் கொலம்பியாவில், பெட்டி பற்றாத ஓர் ஆஸ்பத்திரியில் தொடங்கியதாம். சட்டைக்குள், நெஞ்சோடு நெஞ்சாக இவள் வைத்துக்கொண்டாள். பெட்டி இல்லை, ஈரப்பதம் இல்லை, ஒன்றும் இல்லை, நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். 36.7! "நம்பரை விடுங்க, பிள்ளையைப் பாருங்க" என்று இவளிடம் திட்டு.

மார்ச் 28
சின்ன விரலில் நகம் வளர்ந்திருக்கிறது. இதை யாரிடம் சொல்வது?

ஏப்ரல் 2
கண் டாக்டர் வியாழக்கிழமை பார்ப்பாராம். சீக்கிரம் பிறந்த பிள்ளைகளுக்கு விழித்திரை ரத்தக்குழாய் கோணலாக வளரலாம், ஆக்சிஜன் கூடினாலும் கெடுதல் என்கிறார்கள். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். லீவு கேட்டிருக்கிறேன், ஆபீஸ் கிராணி இன்னும் பதில் சொல்லவில்லை, நாளைக் காலை நேரில் போய்