ஐந்து இட்லியும் 0.19 யூனிட்டும்

பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார் மாட்டி மூன்று வாரம் ஆகிறது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் அடங்கும் என்பதால் நம்பர் பிளேட்டும் வேண்டாம், லைசன்ஸும் வேண்டாம். மிதிப்பதா, மோட்டாரா, எது சிக்கனம் என்று பார்க்க சார்ஜர் பிளக்கில் ஒரு மீட்டரைச் செருகிவிட்டேன். திருவான்மியூரிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்வந்தால் 16 கிலோமீட்டர்.

முதல் நாள் மிதிக்கவே இல்லை, த்ராட்டில் மட்டும்தான். திரும்பி வந்து முழு சார்ஜ் ஏற்றியபோது மீட்டர் 0.22 யூனிட் காட்டியது. அதிகமாக இருக்கிறதே என்று யோசித்தபடி பங்க்சர் கடைக்குப் போனேன். பையன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “என்னண்ணா, மோட்டார் வெச்சா காத்து அடிக்க வேணாம்னு நெனச்சீங்களா?” என்றான். காற்று அடித்து ஓட்டியதும் 0.19. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் அவர், ஆகவே கிலோமீட்டருக்கு சுமார் 12 வாட் அவர்.

அடுத்து மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தேன். மணிக்கு 18 கிலோமீட்டர் போக என் எடைக்கு ஏறத்தாழ 75 வாட் வேண்டும். தின்பதில் கால்வாசிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் பெடலுக்குப் போய்ச்சேரும், மிச்சமெல்லாம் உடல் சூடும் வியர்வையும்தான். அப்படிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 18 வாட் அவர், 16 கிலோமீட்டருக்கு 250 கிலோகலோரி, அதாவது ஐந்து இட்லி. “ஏங்க, கரண்ட் மிச்சம்னு சொன்னீங்க, மாவு பாதியாயிடுச்சே” என்றாள் வீட்டுக்காரி. அன்று நான் தின்றது எட்டு.

12-ஐயும் 18-ஐயும் நேராக ஒப்பிட்டு மோட்டாருக்கு மாலை போடுவது அழுகுணி ஆட்டம். நிலக்கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. கரண்ட் வட சென்னை அனல்மின் நிலையத்தில் பிறந்ததென்று வைத்துக்கொண்டால் 12 என்பது 36 ஆகிவிடும். அப்போது மிதிதான் ஜெயிக்கிறது. ஆனால் இட்லியும் தானாக வேகாதே. பதினாறு இட்லி ஒரு ஈடு. கால் மணி நேரத்தில் 40 கிராம் கேஸ் போகும். அதில் ஐந்து இட்லியின் பங்கைப் பிரித்தால் கிலோமீட்டருக்கு இன்னும் 10 ஏறி 28 ஆகிறது. கிரைண்டர், வயலில் ஓடிய பம்ப்செட் எல்லாம் தனிக் கணக்கு, அதற்குள் நான் போகவில்லை.

இங்கேதான் ஒன்று உறுத்தியது. மிதித்தபோது வேகம் 18, மோட்டாரில் 25. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எதிர்க்காற்று பிடுங்குவது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், 18-க்கும் 25-க்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அடையாறு சிக்னல் வேறு. 25-இல் வந்து பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் முக்கால் வாட் அவர் பிரேக் கட்டையில் சூடாகப் போய்விடுகிறது. என் ஹப்பில், சக்கரம் உருண்டாலும் மோட்டாரைச் சுழற்றாத ஃப்ரீவீல் இருப்பதால் அது பேட்டரிக்குத் திரும்பாது.

ஆகவே நேற்று த்ராட்டிலை 18-இலேயே நிறுத்தி ஓட்டினேன். சாந்தோமில் ஒரு மீன்கூடை சைக்கிள்காரர் மணியடித்து என்னை முந்திக்கொண்டு போனார். மீட்டரில் 0.12. நிலக்கரி வரை கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 22 சொச்சம், இட்லியின் 28-ஐவிடக் கொஞ்சம் கீழே.

அடுத்த ஞாயிறு மிதியும் மோட்டாரும் பாதிப் பாதி. காலை டிபன் பழைய சோறு என்று வீட்டில் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.