வரைபுத்தாளில் ஓடிய வள்ளம்

1990களில் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தவர்களுக்குத் தாளின் அருமை தெரியும். பொருளாதாரத் தடைக்குள் கொப்பி கிடைப்பதே பெரிய காரியம். வரைபுத்தாளைச் சொல்லவே வேண்டாம். அந்த நாளிலும் எங்கள் கணித சேர் ஆளுக்கொரு தாள் தேடித் தந்து, "சார்புகளால மட்டும் ஒரு வள்ளம் கீறிக்கொண்டு வாங்கோ" என்றார். அதாவது, படத்தின் ஒவ்வொரு கோடும் ஒரு சமன்பாட்டின் வரைபாக இருக்க வேண்டும்.

அடிப்பாகம் பரவளைவு. எக்ஸின் வர்க்கத்தை 8ஆல் வகுத்து 2ஐக் கழித்தால், மறை 4இலிருந்து நேர் 4வரை அகலமும் 2 அலகு ஆழமும் உள்ள வள்ளம் வரும். 2ஆல் வகுத்தால் அகலம் பாதியாகிவிடும். வளையி அதற்குமேல் ஏறிப் போகாமல் ஆட்சியை, அதாவது எக்ஸ் எடுக்கும் பெறுமானங்களை, வெட்டிவிட வேண்டும். பாடமாக்கி மட்டும் வைத்திருந்த ஆட்சி, வீச்சு (சார்பு தரும் பெறுமானங்கள்) என்பவற்றுக்கு இப்படியொரு வேலை இருக்கிறது என்று அன்றுதான் கண்டோம். பாய்க்கு, V வடிவில் வரும் மட்டுச் சார்பைக் கவிழ்த்தோம். கடலுக்குச் சைன்.

"இப்ப வள்ளத்தை மூண்டு அலகு வலப்பக்கம் தள்ளுங்கோ பாப்பம்."

எக்ஸுடன் 3ஐக் கூட்டத்தான் எவருக்கும் கை போகும். ஆனால் கழித்து, அதை அடைப்புக்குள் இட்டு வர்க்கிக்க வேண்டும். முன்பு பூச்சியத்தில் இருந்த அடிமுனை இனி 3இல் இருக்க வேண்டுமானால், அந்த இடத்தில் அடைப்புக்குள் பூச்சியம் வரவேண்டுமே! இதை இவ்வளவு தெளிவாக விளக்கிய ஒருவரைப் பல்கலைக்கழகத்திலும் நான் காணவில்லை.

பிறகு முனைவாள்கூறுகளில், அதாவது மையத்திலிருந்து உள்ள தூரத்தாலும் தீற்றா என்ற கோணத்தாலும் புள்ளி குறிக்கும் முறையில், ரோசாப்பூ. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான குயிடோ கிராண்டி ஆராய்ந்த வளையிகள் அவை. கோசைன் 2தீற்றா நான்கு இதழ் தந்தது. கோசைன் 3தீற்றா மூன்றே இதழ்தான். ஒற்றை எண் வரும்போது மறைப் பெறுமானங்கள் ஏற்கெனவே கீறிய இதழ்களின் மேலேயே திரும்ப விழுகின்றன. புள்ளி புள்ளியாகக் குறித்து வந்த எங்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பென்சில் பழைய கோட்டிலேயே போனது.

இங்கே ரொறன்ரோவில் என் மகள் டெஸ்மொஸ் என்ற இணைய வரைபுக் கருவியில் கீறுகிறாள். கணிதவியலாளர் டெம்பிள் ஃபே 1989இல் வெளியிட்ட வண்ணத்துப்பூச்சி வளையி ஒரே சமன்பாடு. முழுதாக மூடப் பன்னிரண்டு சுற்று வேண்டும். கையால் முடிகிற வேலையல்ல, திரையில் கண்மூடித் திறக்குமுன் வந்துவிடுகிறது. எனக்கு அது பெரிய சந்தோசம். ஆனாலும் எண்ணை மாற்ற முதல், "எந்தப் பக்கம் போகும், சொல்லு" என்று அவளைக் கேட்பேன்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் அடுத்தமுறை பாடசாலைக்குக் கணினிகள் அனுப்பினால் வரைபுத்தாள் கட்டுகளையும் சேர்த்து அனுப்புவோம். பிள்ளைகள் முதல் ரோசாவைக் கையால் கீறட்டும்.