மாமோவின் ஊரில் ஐந்து நாள்

மே 11, 2025, ஞாயிறு

வேலை விஷயமாக டொமினிக்கா வந்து சேர்ந்தேன். பெட்டி வரவில்லை. (டொமினிகன் குடியரசு இல்லை, இது வேறு நாடு. சென்னையில் பத்துப் பேருக்காவது விளக்கியிருப்பேன்.) விமான நிலையத்தின் பெயர் டக்ளஸ்-சார்லஸ். சார்லஸ் என்றதும் யூஜீனியா சார்லஸ்தான் என்று முடிவுகட்டி, போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டேன்: "ஆங்கிலம் பேசும் கரீபியன் நாடுகளின் முதல் பெண் பிரதமர்." டாக்ஸிக்காரர் சிரித்தார். அது பியர் சார்லஸாம், 2004இல் பதவியில் இருந்தபோதே இறந்த பிரதமர். போட்டோவை அழித்துவிட்டேன்.

மே 12, திங்கள்

யூஜீனியா சார்லஸின் பெயர் கிடைத்துவிட்டது. தலைநகர் ரோசோவின் கடற்கரைச் சாலைக்கு வைத்திருக்கிறார்கள்.

1919இல் பக்கத்து ஊரான பாயிண்ட் மிஷெலில் பிறந்தவர். டொரண்டோவிலும் லண்டனிலும் சட்டம் படித்துவிட்டு 1949இல் திரும்பியபோது தீவின் முதல் பெண் வழக்கறிஞர். ஐம்பதை நெருங்கும்வரை அரசியல் பக்கம் வரவில்லை. 1968இல் பத்திரிகைகளை அடக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 'வாயை மூடு சட்டம்' என்று ஊரே பெயர் வைத்தது. மூடமாட்டேன் என்று கிளம்பியவர்களில் இவர் முன்னால் நின்றார். அதிலிருந்துதான் சுதந்திரக் கட்சி பிறந்தது. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்கார அம்மாள் அவரை 'மாமோ' என்றே சொல்கிறார். எனக்கு அது மாமி என்றே காதில் விழுகிறது.

மே 13, செவ்வாய்

தாவரவியல் தோட்டம். ஒரு மஞ்சள் பள்ளிப் பேருந்தின் மேல் பெரிய ஆனைப்புளி மரம் படுத்துக் கிடக்கிறது. 1979 ஆகஸ்ட் 29, டேவிட் புயல். நல்லவேளை, பேருந்தில் யாரும் இல்லை. கூரை ஜன்னல் மட்டத்துக்கு நசுங்கி, தகரம் துருவேறிப் போயிருக்கிறது. மரமோ சாகவில்லை. விழுந்த இடத்திலிருந்தே கிளைத்து, பச்சையாக நிற்கிறது.

விடுதலை கிடைத்துப் பத்து மாதம்கூட ஆகாத நாடு. அந்த வருஷம்தான் மக்கள் கிளர்ச்சியில் பிரதமர் பேட்ரிக் ஜானின் ஆட்சி கவிழ்ந்திருந்தது. அப்புறம் புயல், முக்கால்வாசிப் பேருக்கு வீடில்லை. 1980 ஜூலைத் தேர்தலில் 21 இடங்களில் 17 மாமோவின் கட்சிக்கு. பிரதமராகும்போது வயது 61.

மே 14, புதன்

இன்று படித்த கதையைச் சினிமாவில் வைத்தால் லாஜிக் இல்லை என்போம். பதவியிழந்த பேட்ரிக் ஜானை மறுபடி நாற்காலியில் உட்காரவைக்க, அமெரிக்காவின் வெள்ளை இனவெறிக் கும்பல்காரர்கள் சிலர் திட்டம் போடுகிறார்கள். ஜான் கறுப்பர், நாடும் கறுப்பர்களின் நாடு! படகு பேசப்போன இடத்தில் படகுக்காரர் அரசு அதிகாரிகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட, 1981 ஏப்ரல் 27 அன்று நியூ ஆர்லியன்ஸ் அருகே, டொமினிக்காவை எட்டிக்கூடப் பார்க்காமல், பத்துப் பேர் பிடிபட்டார்கள்.

சதியில் உள்ளூர் ராணுவத்தாருக்கும் பங்கு. மாமோ ராணுவத்தையே கலைத்துவிட்டார். இன்றுவரை இங்கே போலீஸ் மட்டும்தான். அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மே 15, வியாழன்

அவர் பிறந்தநாள். மினிபஸ்ஸில் பாயிண்ட் மிஷெல் போனேன். ஏறியதும் எல்லோருக்கும் குட் மார்னிங் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முறைக்கிறார்கள். நான் பார்த்தவரை விழா எதுவும் இல்லை.

மனதில் நெருடுவது கிரெனடா என்ற தீவு நாட்டின் விஷயம். 1983 அக்டோபரில் அந்நாட்டுப் பிரதமர் மாரிஸ் பிஷப்பைச் சொந்தக் கூட்டாளிகளே கொன்றார்கள். ஆறு நாளில் அமெரிக்கப் படை இறங்கியது. வெள்ளை மாளிகையில் அதிபர் ரீகன் பக்கத்தில் நின்று, நாங்கள்தான் உதவி கேட்டோம் என்றவர் இவர். கிழக்குக் கரீபியன் நாடுகளின் கூட்டமைப்புக்கு அப்போது இவரே தலைவர். ஐ.நா. பொதுச்சபை 108க்கு 9 என்ற கணக்கில் அந்தப் படையெடுப்பைக் கண்டித்தது. ராணுவமே வேண்டாம் என்றவர், பக்கத்துத் தீவுக்கு வல்லரசின் ராணுவத்தைக் கூப்பிட்டதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதன் பிறகும் பன்னிரண்டு ஆண்டு ஆண்டார். 1995இல் அவர் ஒதுங்கியதும் கட்சி தோற்றது. 2005இல் மார்டினிக்கில் காலமானார்.

வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டேன். டஷீனைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். நம் சேப்பங்கிழங்குதான், அளவு மட்டும் தேங்காய். கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "பயந்து கிடந்தோம். அவர் பயப்படவில்லை."

"சரி, ஆனால் அது தப்பில்லையா?"

"உங்கள் பெட்டி வந்துவிட்டதா?" என்றார்.