விண்கலத்துக்கு முதலில் நடைவழி: எல்லையோரக் குடோனில் செட் போடும் முறை

விண்வெளிக் கதையைத் தொடராக எடுக்க நினைப்பவர்கள் முதலில் கட்டத் துடிப்பது கட்டுப்பாட்டு அறையைத்தான். பெரிய திரை, கேப்டன் நாற்காலி, வரிசையாக மின்னும் பொத்தான்கள். கையில் காசும் இடமும் குறைவு என்றால் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு நடைவழியைக் கட்டுங்கள். கதையில் ஆட்கள் ஓடுவது, ஒளிவது, சண்டை போடுவது, ரகசியம் பேசுவது எல்லாம் நடைவழியில்தான். ஒரே 24 அடி நடைவழியின் விளக்கு நிறத்தையும் கதவு எண்ணையும் மாற்றினால் நாலைந்து தளங்களாகக் காட்டலாம். கட்டுப்பாட்டு அறை எந்தக் கோணத்தில் எடுத்தாலும் அதே அறைதான்.

தமிழ்நாடு-கேரள எல்லையில், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டி கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் இந்த வேலைக்கு நல்ல வட்டாரம். கொப்பரைக் குடோன்கள் காலியாகக் கிடைக்கின்றன, சினிமா செட்டில் கை பழகிய ஆசாரிகள் இருக்கிறார்கள், சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கும் கடை ஊருக்கு ஊர் இருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் "கேமரா எங்கிருந்து பாக்குதுங்க?" என்று கேட்கிற ஆசாரி கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கேமரா பார்க்காத பக்கத்தை இழைத்துக்கொண்டிருப்பதில்தான் பாதிக் கூலி வீணாகும்.

சுவரை 8க்கு 4 அடிப் பலகைகளாகப் பிரித்துச் செய்யுங்கள். பக்கத்துக்கு ஆறு பலகை. இரண்டுக்கு ஒன்று அங்குல ரீப்பர் கட்டையில் சட்டம், அதன் மேல் 5 மி.மீ. சன்போர்டு என்ற லேசான நுரை அட்டை. பலகைகளை ஆணி அடித்து இணைக்கக் கூடாது. பின்பக்கம் போல்ட்டும் பட்டர்ஃபிளை நட்டும் போட்டு வையுங்கள். எந்தப் பலகையையும் இரண்டு நிமிடத்தில் கழற்றி அந்த இடத்தில் கேமராவை நிறுத்த முடியவேண்டும். மேல் விளிம்பு பத்து டிகிரி அளவுக்கு உள்ளே சாய்ந்திருக்கட்டும். அப்படிச் சாய்த்தால் வீட்டுச் சுவர் போலத் தெரியாது. பளபளப்பான பகுதிகளில் கேமராமேனின் முகமும் லைட் ஸ்டாண்டும் பிரதிபலிக்காமல், தரைதான் தெரியும்.

இனி விளக்கு. செட் முடிந்த பிறகு மேலிருந்து விளக்கு அடிப்பது நாடக மேடைக்குச் சரி. விண்கலத்தில் ஒளி சுவருக்குள்ளிருந்தே வரவேண்டும். ஆகவே பலகையை வரையும்போதே எல்ஈடி விளக்குப் பட்டை ஓடும் பள்ளத்தையும் வரைந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 15 மீட்டர், அதாவது ஐந்து மீட்டர் ரோல் மூன்று. மீட்டருக்கு 60 எல்ஈடி உள்ள 5050 வகை 12 வோல்ட் ரோல் மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். ஒரு ரோலுக்கு 72 வாட், 6 ஆம்பியர். மூன்றையும் தொடராக இணைத்து ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கும் பெட்டியில்) மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. மின்னழுத்தம் வழியிலேயே இறங்கி, கடைசிப் பலகை மங்கிப்போகும். ரோலுக்கு ஒரு 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் வையுங்கள், ரோலின் இரண்டு முனைகளிலிருந்தும் மின்சாரம் கொடுங்கள். மூன்று ரோலும் ஒரே பேட்ச்சாக இருக்கட்டும். கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத் தெரிவது கேமராவில் ஒன்று பச்சையாகவும் ஒன்று ரோஸாகவும் வரும். பிறகு கலர் கரெக்‌ஷனில் முகத்தைச் சரிசெய்தால் சுவர் கெடும், சுவரைச் சரிசெய்தால் முகம் கெடும்.

எல்ஈடிக்கு முன்னால் 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக். அதற்கும் எல்ஈடிக்கும் நடுவே குறைந்தது இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். இடைவெளி குறைந்தால் ஒளிக்கோடு கோடாக இல்லாமல் புள்ளிபுள்ளியாகத் தெரியும்.

வெளிச்சம் கூடுதலாக இருக்கிறது என்று மலிவான டிம்மர் வாங்கி மாட்டாதீர்கள். அது ஒளியைக் குறைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்துப் போடுகிறது. கண் ஏமாந்துவிடும். கேமரா சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், அணைந்த கணங்களெல்லாம் படத்தில் கறுப்புப் பட்டைகளாக இறங்கும். அக்ரிலிக்குக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ டிரேசிங் பேப்பர் ஒட்டினால் போதும், வெளிச்சம் இறங்கிவிடும். செட்டில் வேறு சாதா விளக்குகள் எரிந்தால் ஷட்டரையும் கவனிக்கவேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் கோணம் 180 டிகிரி, 24 ஃபிரேமில் எடுத்தால் 172.8 டிகிரி. இரண்டும் 1/50 நொடிதான், மின்சாரத்தோடு ஒத்துப்போகும். ஜெனரேட்டரில் ஓடும்போது அதிர்வெண் அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் இந்தக் கணக்கை நம்ப முடியாது. அப்போது எஸ்எம்பிஎஸ்ஸில் எரியும் எல்ஈடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள். கன்சோலில் வைக்கும் மானிட்டர்களையும் 60இலிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட வேண்டும்.

சுவர் மேலே ஒட்டும் நுணுக்க உறுப்புகளுக்குச் சொட்டுநீர்க் கடையை மிஞ்ச இடமில்லை. 16 மி.மீ. கப்ளர், டீ, எண்ட் கேப், ஃபில்டர் மூடி, 63 மி.மீ. பிவிசி வளைவு. ஒன்றாகப் பார்த்தால் தோட்டத்துச் சாமான். நாற்பதை ஒரே சாம்பல் நிறத்தில் அடித்து அடுக்கினால் இயந்திரம். பிவிசியை எமரித்தாளில் தேய்க்காமல் பெயின்ட் அடித்தால் இரண்டாம் நாளே உரியும். தெர்மகோல் பயன்படுத்தினால் ஸ்ப்ரே பெயின்ட்டும் ரப்பர் பசையும் கிட்டே வரக் கூடாது, அவற்றிலுள்ள கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். முதலில் ஃபெவிகால் கரைசல் இரண்டு கோட், காய்ந்த பிறகு தண்ணீர் பெயின்ட். எந்தப் பெயின்ட்டானாலும் மேட் ஃபினிஷ்தான் வேண்டும். கடைசியாக அழுக்கு. ஆட்கள் கை வைக்கும் உயரத்திலும் பூட்ஸ் இடிக்கும் உயரத்திலும் மட்டும் ஸ்பாஞ்சால் கருஞ்சாம்பலை ஒற்றுங்கள். சுவர் முழுக்கத் தெளித்தால் பாழடைந்த கலமாகிவிடும்.

அறிவிப்புப் பலகைகளைத் தமிழில் எழுதுங்கள். நம் ஆட்கள் ஓட்டும் கலத்தில் ‘அழுத்தம் குறைவு’, ‘காற்றறை 2’ என்றுதானே இருக்கும்? அர்த்தமில்லாத ஆங்கிலச் சொற்களை ஒட்டிவைப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தானாகத் திறக்கும் கதவுக்கு மோட்டார் வேண்டாம். 1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரிலேயே கதவுகளை மறைவில் நின்ற ஆட்கள்தான் இழுத்தார்கள். ஆனால் இரண்டு பலகையை இரண்டு பேர் இழுத்தால் ஒருவர் கண்டிப்பாகப் பிந்துவார். கதவுக்கு மேலே இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கப்பி மாட்டி, கம்பியை இரண்டையும் சுற்றி வளையமாகக் கட்டுங்கள். மேல் இழை ஒரு திசையில் ஓடினால் கீழ் இழை எதிர்த்திசையில் ஓடும். இடது பலகையை மேல் இழையோடும் வலது பலகையைக் கீழ் இழையோடும் பிணைத்துவிட்டால் ஒரே ஆள் இழுத்தாலும் இரண்டும் ஒன்றாகப் பிரியும், ஒன்றாகச் சேரும். நைலான் கயிறு கூடாது. நாள் போகப்போக இழுபட்டு, மூடிய கதவின் நடுவே விரல் நுழையும் சந்து தெரியும். மெல்லிய ஸ்டீல் வயர் ரோப் போடுங்கள். பலகைகள் ஓடிவந்து நிற்கும் இடத்தில் ரப்பர் துண்டு வையுங்கள், நின்ற பிறகு கதவு ஆடினால் எல்லாம் போயிற்று. இழுப்பவருக்கு நடிகர் தெரியும்படி ஒரு ஓட்டையும் வேண்டும். கதவுச் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், பஸ் ஏர் பிரேக்கைப் பதிவுசெய்து வெட்டினாலே பாதி வேலை முடிந்தது.

எஞ்சின் ஒலிக்கும் வெளியே போகவேண்டியதில்லை. மஞ்சி மில் (தேங்காய் நார் ஆலை) ஓடும் சத்தத்தைப் பதிவுசெய்து பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கி, பெரிய எஞ்சினின் உறுமல் கிடைக்கும். 1963இல் தொடங்கிய டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொடரில் கால எந்திரம் புறப்படும் ஒலியே, ஒலிக்கலைஞர் பிரையன் ஹாட்ஜ்சன் வீட்டுச் சாவியால் பியானோவின் கம்பியைச் சுரண்டிச் செய்ததுதான்.

அதே மில்லில் வேற்றுக்கிரகத்துத் தரையும் கிடைக்கும். ஐந்து கிலோ காயர் பித் (தேங்காய் நார்த் தூள்) கட்டி தண்ணீரில் ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பினால் 15 சதுர அடி. 20க்கு 15 அடித் தரைக்கு இருபது கட்டி. காயக்காய நிறம் வெளுக்கும், ஆகவே காலையில் எடுத்த ஷாட்டும் மாலையில் எடுத்த ஷாட்டும் ஒட்டாது. ஷாட்டுக்கு ஷாட் மருந்து தெளிக்கும் பம்ப்பால் லேசாக ஈரப்படுத்துங்கள். தூசியும் அடங்கும். முழுக்கக் காய்ந்த பித் தீப்பிடித்தால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே போகும். பொறி, சூடான ஹாலோஜன் எதுவும் பக்கத்தில் ஆகாது.

ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பின்பக்கம் கேமராவுக்குத் தெரியாமல் திறந்தே இருக்கவேண்டும். முழுக்க மூடினால் விட்ட மூச்சே திரும்ப உள்ளே போய் நடிகருக்குத் தலை சுற்றும். பவர் பேங்கில் ஓடும் 40 மி.மீ. விசிறி இரண்டு வையுங்கள், ஒன்று காற்றை உள்ளே தள்ள, ஒன்று வெளியே இழுக்க. விசிறிச் சத்தம் மைக்கில் ஏறும், அந்தக் காட்சிகளுக்கு டப்பிங் என்று முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்பக்கம் ஒரு துளி பாத்திர சோப்பைத் தடவித் துணியால் துடைத்தால் போதும். தகரக் கூரைக்குக் கீழே பங்குனி வெயிலில் ஒரே மூச்சில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் யாரையும் அதற்குள் நிறுத்தக் கூடாது.

வசனக் காட்சிகளை ஆடிக்கு வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தகரம் நாள் முழுக்க அதிரும், மழை சேர்ந்தால் ஒரு வரி கூடத் தேறாது. அந்த மாதங்களில் கைகளின் குளோசப், திரைகள், வசனமில்லாத ஓட்டங்களை எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றும்போது ஒவ்வொரு பலகையின் பின்னாலும் எந்தப் பக்கத்துச் சுவர் என்பதையும் எண்ணையும் எழுதுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் சன்போர்டு வளைந்துவிடும். செங்கல் மேல், சுவரைத் தொடாமல், செங்குத்தாக நிறுத்துங்கள். இந்த மண்ணில் கரையான் ரீப்பரைத்தான் முதலில் தேடும். சுவருக்கு அடித்த பெயின்ட்டில் அரை லிட்டர் மிச்சம் வைத்து, டப்பா மூடியில் ஷேடு எண்ணை எழுதிவிடுங்கள்.