பதமாக ஓட்டினால் உதைக்கும் கியர்பாக்ஸ்: மெர்சிடிஸ் 230இ நிலவரம்

இங்கே கிள்ளானில் ஓர் ஒர்க்‌ஷாப்காரர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, ஓவர்ஹால்தான் வழி என்று கையை விரித்தார். எண்ணெய்க் குச்சியைக்கூட உருவிப் பார்க்கவில்லை. அந்தச் செலவு இப்போதைக்கு மிச்சம். கோளாறு இருந்தது கட்டைவிரல் அளவு ரப்பரில்.

வண்டி 1990 மாடல் டபிள்யூ124, உள்ளே 722.4 ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முதுகில் ஒரு குத்து விழும். ஆனால் பெடலை அழுத்தி விரட்டினால் ஒழுங்காக மாறும். பதமாக ஓட்டினால்தான் உதை. கிளட்ச் தேய்ந்த பெட்டி இப்படிச் செய்யாது. அது வழுக்கும், இன்ஜின் வெறுமனே உறுமிய பிறகே பிடிக்கும். எண்ணெயும் சிவப்பாகத்தான் இருந்தது, கருகல் வாடை இல்லை.

ஆகவே சந்தேகம் நேராக வாக்குவம் (இன்ஜின் உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம்) பக்கம் போனது. கியர் எப்போது மாற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஆக்சிலரேட்டரோடு இணைந்த கேபிள் பார்த்துக்கொள்கிறது; எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது, வாக்குவத்தைப் பார்த்துப் பெட்டியின் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாடுலேட்டரின் பொறுப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கேபிளைத் திருகியே வண்டியைக் கெடுத்தவர்கள் ஏராளம். இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வாக்குவம் வந்து சேராவிட்டால், கால் முழுதாக அழுத்தியிருப்பதாகவே மாடுலேட்டர் நினைத்துக்கொள்ளும், அழுத்தத்தை ஏற்றிவிடும்.

வாக்குவம் கை பம்பை மாடுலேட்டரில் நேரடியாகச் செருகி 15 அங்குலம் (பாதரச அளவு) இழுத்தேன். முள் அசையவில்லை. டயாஃப்ரம் நலம், குழாயின் உள்ளேயும் எண்ணெய் ஈரமில்லை. அடுத்து மேனிஃபோல்ட் முனையில் கழற்றி, குழாயோடு சேர்த்து இழுத்தேன். அப்போதும் நின்றது! எரிச்சலாக வந்தது. நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வந்து மறுபடி இழுத்தபோதுதான் முள் மெல்லச் சரிந்தது. மாடுலேட்டர் முனையிலுள்ள ரப்பர் எல்போ (வளைந்த இணைப்புக் குழாய்) வெளியே படிந்த எண்ணெயில் ஊறித் தளர்ந்திருந்தது. விரலால் வளைத்தால் உள்மடிப்பில் தலைமுடி போன்ற வெடிப்புகள் வரிசையாக வாய் திறந்தன. குளிர்ந்த நிலையில் சோதித்துவிட்டு வாக்குவம் சரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புதிய எல்போ போட்டதும் குத்து போய்விட்டது. ஆனால் இப்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே லேசாக உறுமுகிறது. முன்பு யாரோ உதையைக் குறைக்க மாடுலேட்டரின் டி வடிவப் பிடியைத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திருப்பி, ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மென்மை வேண்டும் என்று ஒரேயடியாகத் தளர்த்துவது கிளட்சை எரிக்கும் வேலை. திருப்பியும் உறுமல் அடங்காவிட்டால் இரண்டு-மூன்று மாற்றத்தைச் சீராக்கும் கே1 ஸ்பிரிங் செட் வாங்க வேண்டியதுதான்.

பழைய வண்டிகளின் உதிரிபாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் பழைய மாடுலேட்டரோடு எல்போவைச் சேர்த்தே தருவதாகச் சொன்னார்கள். அங்கே கதவுக் கைப்பிடி வாங்கலாம், விளக்கு வாங்கலாம். ரப்பர் மட்டும் வேண்டாம். பழசாய்ப் போனதில் அது என் வண்டியில் இருந்ததற்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை.

ரிவர்ஸ் போடும்போது கேட்கும் 'டொக்' இன்னும் இருக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டை இணைக்கும் ரப்பர் வட்டான ஃப்ளெக்ஸ் டிஸ்க்தான் என்று நினைக்கிறேன். ஆர்டர் போட்டாயிற்று. அதை மாற்றச் சைலன்சரையும் ஹீட் ஷீல்டையும் இறக்க வேண்டும். துருப்பிடித்த அந்த நட்டுகளுக்கு இன்றே எண்ணெய் தெளித்து வைத்திருக்கிறேன்.