முன்தோல் இறுகினால் முதலில் சுகர் பாருங்கள்

நாற்பதைத் தாண்டியவருக்கு, அதுவரை சுலபமாகப் பின்னே போன ஆணுறுப்பின் முன்தோல் சில மாதங்களில் இறுகிவிடுகிறது. ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள், சிறுநீர் பட்டால் எரிச்சல். இப்படி வருபவருக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தச் சர்க்கரை. வெறும் வயிற்றில் 126, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5%, இவற்றைத் தொட்டாலே டாக்டரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டும். சர்க்கரை கலந்த சிறுநீரின் கடைசிச் சொட்டு தோலுக்கடியில் தங்குகிறது; கேண்டிடா பூஞ்சை அதில் செழிக்கிறது. மொட்டு (ஆணுறுப்பின் நுனி) சிவந்து, தயிர்த் துணுக்கு மாதிரி வெள்ளை படியும். ஓரம் வெடித்து ஆறும் ஒவ்வொரு முறையும் தழும்பு ஏறித் தோலின் வாய் இன்னும் சுருங்கும்.

ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிடுபவர் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால், அந்த மருந்தின் வேலையே சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான். ரத்தத்தில் அளவு சரியாக இருந்தும் பூஞ்சை வருவது இதனால்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

பூஞ்சைக்கு க்ளோட்ரிமசோல் 1% கிரீம், காலையும் இரவும், 7 முதல் 14 நாள். மனைவிக்கும் அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் அவருக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும். மெடிக்கலில் கூச்சத்தோடு "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டால், க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் கலந்த கிரீம் கைக்கு வர வாய்ப்பு அதிகம். ரெண்டே நாளில் சிவப்பு அடங்கும். அந்த ஸ்டீராய்டின் நிழலில் பூஞ்சை பரவும்.

அதே ஸ்டீராய்டு சரியான இடத்தில் நல்ல மருந்துதான். பூஞ்சையோ தழும்போ இல்லாத வெறும் இறுக்கம் என்று டாக்டர் பார்த்துச் சொன்னால், பெட்டாமெத்தசோன் 0.05% கிரீமை இறுகிய வளையத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவி, தோலை இழுவை தெரியும் வரை மெதுவாகப் பின்னே தள்ள வேண்டும். வலிக்கும் முன்னே நிறுத்திவிடுங்கள். தினம் இரண்டு வேளை, 4 முதல் 8 வாரம். ஓரம் வெளுத்து, பளபளத்து, கெட்டியாக இருந்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். இழுத்தால் கிழியும். க்ளோபெட்டசால் 0.05% தனி மருந்தாக, டாக்டர் கண்காணிப்பில் போட வேண்டிய நிலை அது. சிறுநீர்த் துவாரமும் சுருங்கலாம் என்பதால், நீர்த்தாரை மெலிகிறதா, பிரிந்து போகிறதா என்று கவனியுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்பு காய்ந்த டிரவுசரும் மணலும் தோலை உரசிப் புண்ணாக்கும். பாம்பன், மண்டபம் பக்கம் கிணற்று நீரும் பல இடத்தில் உவர்தான். கரையேறியதும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் போதும். தோல் தானாகப் போகும் அளவுக்குப் பின்னே தள்ளி, கழுவி, ஒற்றித் துடைத்து, மறக்காமல் முன்னே கொண்டுவந்து விடுங்கள். உள்ளே சோப்பு வேண்டாம், டெட்டால் வேண்டவே வேண்டாம்.

முன்னே கொண்டுவர மறந்தால் வருவதுதான் பாராஃபிமோசிஸ். தோல் மொட்டுக்குக் கீழே வளையமாகப் பிடித்து வீங்கிவிடும். படகில் மீனுக்கு வைத்த ஐஸ் இருக்குமே, அதைப் பையில் கட்டி, துணி சுற்றி, விட்டுவிட்டு வையுங்கள். மொட்டையும் வீக்கத்தையும் உள்ளங்கையால் பொத்தி 5 முதல் 10 நிமிடம் சீராக அழுத்தினால் நீர் வடியும். பிறகு இரு கட்டைவிரலாலும் மொட்டை உள்ளே தள்ளி, மற்ற விரல்களால் வளையத்தை முன்னே இழுங்கள். வரவில்லை என்றாலோ, மொட்டு கறுத்து மரத்தாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்காதீர்கள். ரத்தம் போகாமல் அழுகிவிடும். ஆஸ்பத்திரியில் மரக்கவைத்து, தேவைப்பட்டால் வளையத்தை வெட்டி விடுவார்கள். வீட்டில் முதியவருக்கு யூரின் டியூப் மாற்றிய பிறகும் தோல் முன்னே வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் இந்த வீக்கம் அடிக்கடி வருகிறது.

கிரீமில் சரியாகாத தழும்பு, திரும்பத் திரும்ப வரும் தொற்று இரண்டுக்கும் முன்தோல் நீக்கம்தான் வழி. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி முஸ்லிம் வீடுகளில் சுன்னத் என்று சிறு வயதிலேயே முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் "நமக்கு அது பழக்கமில்லையே" என்று தள்ளிப்போடுவதில் பிரயோசனம் இல்லை, இது வைத்தியம். பெரியவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தே செய்யலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தையல் 2 முதல் 3 வாரத்தில் தானே உதிரும். அதுவரை கடல் குளியல் கூடாது. உடலுறவுக்கு 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும்.

பையனுக்குச் சுன்னத் செய்யும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் செய்யக் கூடாது. துவாரத்தைச் சீரமைக்கும் அறுவைக்கு அந்தத் தோல் தேவைப்படும். சின்னப் பையன்களுக்குத் தோல் ஒட்டியிருப்பது இயல்பு. பெரும்பாலும் வளர வளரத் தானே விலகும். குளிப்பாட்டும்போது வலுக்கட்டாயமாக இழுத்தால் தழும்பு உண்டாகும்.

இறுகிய தோலுக்குள் ஆறாத புண், கட்டி, ரத்தம் கலந்த நாற்றக் கசிவு இருந்தால் கிரீம் எதுவும் போட்டுக் காலம் கடத்தாமல் நேரே அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். நாள்பட்ட இறுக்கத்தில் ஆணுறுப்புப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். வெட்டி எடுத்த தோலைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதும் அதற்காகத்தான்.