வற்றாப்பளை அம்மாளிடம் கேட்கப் போனது

வன்னியில் ஒருவர் முடிவெடுக்க முடியாமல் தவித்தால், "அம்மாளிட்டை ஒருக்காப் போட்டு வா" என்பார்கள். எந்த அம்மாள் என்று யாரும் கேட்பதில்லை. முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகை அம்மாள்தான்.

எனக்கு இருந்தது காணிப் பிரச்சினை. இரணைமடு வாய்க்கால் பாயும் வயல், அப்பா விட்டுப்போனது. அதை விற்றுப்போட்டுக் குடும்பத்தோடு வெளிக்கிடச் சொல்லி கனடாவில் இருக்கும் தம்பி ஒற்றைக்காலில் நின்றான். மனைவி ஒரு நாள் சரி என்பாள், மறுநாள் அழுவாள். எனக்கென்றால் எந்தப் பக்கம் யோசித்தாலும் மற்றப் பக்கம்தான் சரிபோலப் பட்டது. நித்திரையும் போய்விட்டது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியில் பஸ் ஏறினேன். சேர்ட் பொக்கற்றில், அம்மாள் முன்னால் போட்டு ஒன்றை எடுத்துப் பார்க்கத் திருவுளச்சீட்டு இரண்டு. ஒன்றில் 'வில்', மற்றதில் 'வேண்டாம்'.

முறிகண்டியில் பஸ் நின்றது. ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் பிள்ளையாருக்குச் சொல்லாமல் தாண்டாது. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறினோம். மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவுப் பாதையில் அடுத்த பஸ். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரை பஸ்ஸுக்குள் இருந்தபடியே கும்பிட்டோம். முள்ளியவளை தாண்டியதும் பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டா.

வைகாசிப் பொங்கலுக்கு வந்தவர்களுக்கு இந்தக் கோயில் சனக்கடலாகத்தான் நினைவிருக்கும். சாதாரண நாளில் வெளிவீதி மணல் வெறுமையாய்க் கிடக்கும், நந்திக்கடல் காற்று முகத்தில் உப்பாய் ஒட்டும். கேட்க ஏதும் இருப்பவர்கள் இப்படியொரு நாளில் வருவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

கண்ணகி வழிபாட்டை 2ஆம் நூற்றாண்டில் கயவாகு மன்னன் இலங்கைக்குக் கொண்டுவந்தான் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் சனத்துக்கு அம்மாள் தானாகவே நடந்து வந்தவ. மதுரையை எரித்த பிறகு ஆறாத கோபத்தோடு ஊர் ஊராய்த் தங்கி, கடைசியில் கிழவி வேடத்தில் நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த பொடியளிடம் வந்து நின்றா. அவர்கள் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள், பொங்கியும் கொடுத்தார்கள். இருட்டியபோது விளக்குக்கு எண்ணெய் இல்லை. "கடல் தண்ணியை அள்ளி விட்டுக் கொளுத்துங்கோ" என்றாவாம். விளக்கு எரிந்தது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொன்னாவாம். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். பொடியள் பயந்து நிற்க, வைகாசித் திங்களில் வருவேன் என்று சொல்லி மறைந்துவிட்டா.

இன்றைக்கும் பொங்கலுக்கு முதல் வாரம் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டாவிநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில்தான் விளக்கு எரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பல கண்ணகை கோயில்கள் ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறிவிட்டன. வன்னியில் அவ கண்ணகைதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அர்ச்சனை முடிந்து சன்னிதியில் நின்றேன். காணியைப் பற்றிக் கேட்கத்தானே வந்தது? வாய் வரவில்லை. அப்பா காட்டை வெட்டி அந்த வயலைத் திருத்தியது, இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வரம்பே தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தம்பியின் குரல், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்தன. அப்புறம் அந்த எண்ணெய் இல்லாத விளக்குதான் நினைவில் நின்றது. அம்மாள் எண்ணெய் வரவழைத்துக் கொடுக்கவில்லை. முன்னால் கிடந்த தண்ணீரைக் காட்டினா. எனக்கு முன்னால் கிடந்தது காலபோகம், மாரி மழையோடு செய்யும் நெல் விதைப்பு. 'இந்தப் போகத்தை ஒழுங்காய்ச் செய்யப் புத்தியைத் தா தாயே' என்று மட்டும் கேட்டேன். சீட்டு பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது.

பெரியம்மா இன்னும் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. 2009இல் யுத்தத்தில் காணாமல் போன மகனைத்தான் எப்போதும் கேட்பா. வெளிவீதி மரநிழலில் வந்து இருந்த பிறகு, கேட்கக் கூடாதோ என்று தயங்கித்தான் கேட்டேன்.

"இவ்வளவு காலமாய் ஒரு பதிலும் இல்லையே, ஏன் பெரியம்மா திரும்பத் திரும்ப இஞ்சை வாறியள்?"

"அவவும் புருஷனைப் பறிகொடுத்திட்டு நீதி கேட்டு நடந்தவதானே, தம்பி. நான் கேக்கிறது அவவுக்கு விளங்கும்."

பிறகு கச்சான் பையை அவிழ்த்து என் கையில் ஒரு பிடி போட்டா. நீ என்ன கேட்டாய் என்று அவ விசாரிக்கவே இல்லை.

அன்றிரவு தம்பிக்குப் போன் எடுத்து, விதைப்பு முடியும்வரை காணிக் கதை வேண்டாம் என்றேன். "அம்மாள் அப்பிடியே சொன்னவ?" என்று கோபப்பட்டான். அவ ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, விதைநெல் என்ன விலை போகுது என்று கேட்டான்.